கீரையை ஒதுக்கும் குழந்தை

குழந்தைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பில் பெற்றோருடன் அரசாங்கமும் பங்கு கொண்டு நெடுங்காலம் ஆகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-ஆம் ஆண்டில், தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நாட்டில் தொடங்கப்பெற்றது. அதன் பயனாக அங்கன்வாடி என்னும் குழந்தைகள் மையங்கள் படிப்படியாகச் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன. 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றன.

இவ்வளவு நடந்தும் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. சோகையுள்ள குழந்தை சீக்கிரம் களைத்துவிடும். நோய்க்கு எளிதில் இரையாகும். பாடத்தில் மனம் செலுத்த இயலாமல் பின்தங்கும். தாய்க்குக் கர்ப்ப காலத்தில் இருந்த சோகை, குடற்புழு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, வீட்டின் வறுமை எனக் காரணங்கள் பல. இவற்றுடன் இன்னொரு காரணமும் உண்டு. அதனை வீட்டுச் சங்கடம் என்று விட்டுவிடுகிறோமேயன்றி, ஊர் விஷயமாக எண்ணிப் பேசுவதில்லை. சமைத்த உணவைக் குழந்தை உண்ண மறுப்பதே அக்காரணம்.

நமது வட்டாரத்து மையங்களைப் பார்வையிடும்போது சமையல் அறையை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதி உண்மையே தெரியும். தட்டுக் கழுவும் இடத்தையும் பார்த்தல் வேண்டும். சோறு உண்ணப்பட்டிருக்கும், கீரையும் காரட்டும் விரல் நுனியால் பொறுக்கி ஒதுக்கப்பட்டிருக்கும். அரசாங்கத்தின் பணமும், சமைப்பவரின் உழைப்பும், உழவரின் விளைவும் சேர்ந்து தட்டு வரை கொண்டுவந்த சத்து அங்கிருந்து காக்கைக்கும் கோழிக்கும் போகிறது. வீடுகளிலும் இதுவே நிலை. தட்டிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் அந்தச் சாண் தூரத்தை எவ்வாறு கடப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குழந்தை ஏன் மறுக்கிறது?

முதலில், மறுப்பவை எல்லாம் பிடிவாதம் அல்ல என்பதை உணர்தல் நலம். சுமார் மூன்று கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை முதல் ஆண்டு முடிவில் அதைப் போல மூன்று மடங்கு எடை பெறுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு அல்லது இரண்டரை கிலோ அளவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. முன்பு நன்றாகத் தின்ற பிள்ளை இப்போது தின்னவில்லையே என்று தாய் கலங்குவதும், கண் பட்டுவிட்டது என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போடுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான்.

இரண்டாவதாக, இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சும் இயல்பு குழந்தைகளிடம் மிகுந்திருக்கும். நடக்கக் கற்று, கண்டதை எடுத்து வாயில் வைக்கும் வயதில் இவ்வச்சம் ஒருவகைத் தற்காப்பு. இனிப்பை நாக்கு பிறவியிலேயே விரும்புகிறது. கசப்பையும் துவர்ப்பையும் அது பழகித்தான் ஏற்கிறது. கீரை வகைகளில் இச்சுவைகள் கலந்திருப்பதால் முதலில் ஒதுக்கப்படுவது கீரையே.

கால்நடை வளர்ப்போர்க்கு இது புதிய செய்தி அன்று. அசோலாவை முதன்முறை மாட்டின் முன் வைத்தால் அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக மாட்டை யாரும் அடிப்பதில்லை. பழகிய தவிட்டுடன் சிறிது கலந்து சில நாட்கள் வைக்கிறோம். பிறகு அது தானே நாடி வருகிறது. கறவை மாட்டிடம் காட்டும் இப்பொறுமையை நம் பிள்ளையிடமும் காட்டினால் போதும்.

மூன்றாவது காரணம் நாம் உண்டாக்குவது. காலையில் தேநீரும் பிஸ்கட்டும், பதினொரு மணிக்குப் பெட்டிக்கடைப் பொட்டலமும் உள்ளே சென்றபின் நண்பகலில் பசி எங்கிருந்து வரும்? நான்காவது காரணம் உடற்குறை. குடற்புழுவும் சோகையும் பசியைக் கெடுப்பன. சோகையால் பசி மந்தமாகிறது. பசி மந்தமாவதால் சோகை மேலும் மிகுகிறது. பலப்பம், மண், சாம்பல் ஆகியவற்றைக் குழந்தை விரும்பித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கக்கூடும் என்று அறிந்து, மிரட்டாமல் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

வற்புறுத்தலால் விளைவது

அந்தி நேரத்தில் களை எடுத்துவிட்டுத் திரும்பும் தாய், அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்து, பிள்ளையை மடியில் இருத்தி, "இன்னும் ஒரு வாய், கண்ணு" என்று கெஞ்சுகிறாள். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. கெஞ்சல் அதட்டலாகவும், அதட்டல் அடியாகவும் மாறுகிறது. "பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியவில்லை" என்று மாமியார் குறை கூற, உண்ணும் வேளை வீட்டில் சண்டை வேளை ஆகிறது. இதில் வெல்பவர் ஒருவரும் இல்லை. பிள்ளைக்கு அந்த உணவின் மீதே வெறுப்பு நிலைத்துவிடுகிறது.

இதனை ஆராய்ச்சியும் மெய்ப்பித்துள்ளது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள், பள்ளி செல்லும் வயது எய்தாத சிறுவர்க்கு இரண்டு வகைக் காய்கறிச் சூப்புகளைப் பல வாரங்கள் கொடுத்துப் பார்த்து, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு வகையைக் கொடுக்கும்போது, "சூப்பைக் குடித்து முடி" என்று மீண்டும் மீண்டும் கூறினர். மற்றொன்றைக் கொடுக்கும்போது ஒன்றும் கூறவில்லை. ஒன்றும் கூறாதபோதே பிள்ளைகள் கூடுதலாக உண்டனர். குறை கூறுவதும் குறைவாக இருந்தது.

கைக்கூலி கொடுத்து உண்ணச் செய்வதும் அவ்வாறே. "கீரையைத் தின்றால் மிட்டாய் தருவேன்" என்று கூறும்போது, கீரை ஒரு தண்டனை, மிட்டாய் ஒரு பரிசு என்று நாமே கற்பிக்கிறோம். லியான் பர்ச் என்னும் உளவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசுக்காக ஒரு பானத்தைப் பருகிய குழந்தைகளுக்கு அப்பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்ததைக் கண்டனர்.

கைப்பேசியைக் காட்டி ஊட்டும் வழக்கம் இப்போது சிற்றூர்களிலும் பரவியுள்ளது. நிலாவைக் காட்டி ஊட்டியதும் இதுவும் ஒன்றே எனச் சிலர் கூறுவர். நிலாவைக் காட்டியபோது தாயின் முகமும் பேச்சும் பிள்ளைக்கு முன் இருந்தன. கையில் உள்ள சோற்றைப் பற்றியும் பேச்சு நடந்தது. கைப்பேசியில் ஆழ்ந்த பிள்ளையோ என்ன உண்டோம், வயிறு நிறைந்ததா என்பதை உணராமல் வாய் திறக்கிறது. சுவை பழக வேண்டிய வயதில் சுவையை அறியாமலே உணவு உள்ளே செல்கிறது.

பெரியோர் வேலையும் பிள்ளையின் வேலையும்

அங்ஙனமாயின் பிள்ளையை அதன் விருப்பத்திற்கு விட்டுவிடுவதா? இக்கேள்விக்கு விடை தேடியவர் கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர். 1920-களில் தொடங்கிய தம் ஆய்வில், தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேருக்கு முன் பல வகை உணவுகளைச் சிறு கிண்ணங்களில் வைத்து, வேண்டியதை வேண்டிய அளவு உண்ண விட்டார். செவிலியர் கரண்டியுடன் வாளா அமர்ந்திருப்பர். பிள்ளை ஒன்றைச் சுட்டினால் மட்டுமே அதை எடுத்து ஊட்டுவர். புகழ்வதும் இல்லை, கடிவதும் இல்லை. ஒரு வேளை ஒன்றை மிகுதியாகவும், மறு வேளை வேறொன்றையும் தின்று, குழந்தைகள் யாவரும் நன்கு வளர்ந்தனர். 1939-இல் இம்முடிவுகளை விளக்கிய அவர், இதன் இரகசியம் உணவுப் பட்டியலில் இருந்தது என்று எடுத்துக் காட்டினார். அப்பட்டியலில் இருந்த 34 உணவுகளும் காய், கனி, தானியம், பால், முட்டை, இறைச்சி போன்ற இயற்கை உணவுகள். சர்க்கரைப் பண்டம் ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறி எளியது. எதைச் சமைப்பது, எந்த வேளையில் கொடுப்பது, எங்கே அமர்ந்து உண்பது என்பவை பெரியோர் வேலை. வைத்தவற்றுள் எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பவை பிள்ளையின் வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் புகும்போதுதான் சண்டை பிறக்கிறது. பிள்ளை கேட்டதற்காகப் பொட்டலத் தீனி வாங்கித் தந்தால், பெரியோர் வேலையைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. போதும் என்ற பிள்ளையின் வாயில் திணித்தால், பிள்ளையின் வேலையைப் பெரியோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் கடைப்பிடிக்கத்தக்கவை

முதலாவது, வேளை தவறாமை. மூன்று வேளை உணவும், இடையில் ஒன்று அல்லது இரண்டு வேளை சிற்றுண்டியும் போதும். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டா. இடைவேளைக்குச் சுண்டல், வாழைப்பழம், கொய்யா, எள்ளுருண்டை ஆகியவை ஏற்றவை. சிறு குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை தருதல் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். பொடித்தோ அரைத்தோ தரலாம்.

இரண்டாவது, அளவு. புதிய உணவைத் தேக்கரண்டி அளவே வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பிடித்த உணவு ஒன்று அதே தட்டில் இருக்கட்டும். உண்ணாவிடில் ஒன்றும் கூறாமல் எடுத்துவிட்டு, இரண்டொரு நாள் கழித்து மீண்டும் வைக்கலாம். எட்டு முறை முதல் பதினைந்து முறை வரை வைத்த பின்னரே ஏற்கும் குழந்தைகள் பலர். பெரும்பாலான பெற்றோர் மூன்று நான்கு முறையிலேயே கைவிட்டு, "இதற்குக் கீரை ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஏழை வீட்டில் பதினைந்து முறை வீணாக்க முடியுமா என்று கேட்பது நியாயமே. பிள்ளைக்கெனத் தனியே சமைத்தால்தான் வீண். வீட்டார் அனைவருக்கும் கடைந்த கீரையில் ஒரு கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைப்பதில் இழப்பு ஏதுமில்லை.

மூன்றாவது, உடனிருந்து உண்ணல். குழந்தை கேட்பதைவிடக் காண்பதையே கற்கிறது. தந்தை கீரையை ஒதுக்கிவிட்டு மகனை உண்ணச் சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பு ஏது? நாளில் ஒரு வேளையேனும் குடும்பத்தார் யாவரும் ஒன்றாக அமர்ந்து உண்பது நலம். பெண்கள் கடைசியில் மிச்சத்தை உண்ணும் பழக்கமும் இதனால் மாறும்.

நான்காவது, பக்குவம். கீரையைப் பருப்புடன் கடைந்து சிறிது நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் கசப்பு தணியும். கீரையில் உள்ள வைட்டமின் 'ஏ' சத்து உடலில் சேரவும் கொழுப்புத் தேவை. முருங்கைக்கீரையைக் கேழ்வரகு அடையில் கலந்து சுடலாம். நார் மிகுந்த காய்களைக் குழைய வேகவைத்துச் சிறு துண்டுகளாக்கித் தரலாம். பிள்ளைக்குத் தெரியாமல் அரைத்துக் கலப்பது மட்டுமே வழி என்று எண்ணுதல் கூடாது. கீரையைக் கீரையாகக் கண்டு உண்ணவும் பிள்ளை பழகவேண்டும். இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் 'சி' உதவுகிறது. உணவுடன் தேநீர் அருந்துவது அதற்குத் தடை.

ஐந்தாவது, பிள்ளையின் கைக்கும் வேலை தருதல். முருங்கை இலையை உருவுதல், அவரை பறித்தல், பட்டாணி உரித்தல் ஆகியவை பிள்ளைகளுக்கு விளையாட்டு. தான் பறித்த காயைத் தின்று பார்க்கும் ஆசை தானே எழும். தட்டில் கைவைத்துப் பிசைந்து சிந்தி உண்ணவும் விடவேண்டும். கையை முன்னரே சோப்பிட்டுக் கழுவியிருத்தல் முக்கியம்.

ஒரு வேளை குறைவாக உண்டால் அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைகள் வேளைக்கு வேளை அளவை மாற்றி உண்டாலும், நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

விளைவது எங்கே, உண்பது எங்கே?

சத்துணவு என்றால் விலை மிகுந்த டப்பா மாவு என்று எண்ணுவோர் உண்டு. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் 11 மில்லிகிராம் இரும்புச்சத்தும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 100 கிராம் தீட்டிய அரிசியில் உள்ள சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே எடையுள்ள கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவு உண்டு. அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமும் இல்லை. கம்பில் 6 மில்லிகிராம் அளவு உண்டு. முருங்கைக்கீரை 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேலும், இரும்புச்சத்து 4 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன.

இவை யாவும் நமது மானாவாரி நிலத்திலும் கொல்லையிலும் விளைவன. கம்பையும் கேழ்வரகையும் மூட்டை கட்டி விற்றுவிட்டு, வந்த பணத்தில் பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கும் விவசாயி, வாங்கியதைவிட உயர்ந்ததை விற்றுவிட்டார் என்பதில் ஐயமில்லை. விற்பதற்குமுன் வீட்டிற்கென ஒரு பங்கை எடுத்து வைப்பது நன்று. குளிக்கும் நீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, வேலியில் ஓர் அவரைக்கொடி ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இதைப் பெண்கள் விஷயம் என ஒதுக்காமல் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும். மாதம் ஒரு முறையேனும் உணவு வேளையில் குழந்தைகள் மையத்திற்குச் சென்று, எது உண்ணப்படுகிறது, எது ஒதுக்கப்படுகிறது எனப் பார்த்தறியலாம். குறை காணும் நோக்கத்துடன் செல்லாமல், சமைப்பவருடன் கலந்து பேசி, வெட்டும் அளவு, வேகும் பதம், காரம் ஆகியவற்றை மாற்றிப் பார்க்கலாம். குழந்தைகளுடன் ஊழியரும் அமர்ந்து உண்டால் அதற்கு ஈடான பிரசாரம் வேறில்லை.

மையத்தில் வெற்றிடம் இருந்தால் கீரைப் பாத்தியும் முருங்கையும் வைத்து, தண்ணீர் வசதியும் வேலியும் செய்து தரலாம். பிள்ளைகளே நீர் ஊற்றட்டும். பள்ளி வாசலில் உள்ள கடைக்காரருடன் நயமாகப் பேசி, பொட்டலத் தீனிக்குப் பதில் சுண்டல், கடலை மிட்டாய், பழம் ஆகியவற்றை விற்கச் செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு இது ஒரு தொழிலாகவும் அமையும். கிராம சபைக் கூட்டத்தில் சாலையும் விளக்கும் பேசப்படுவது போல, ஊரில் எத்தனை குழந்தைகள் எடை குறைந்துள்ளனர் என்பதும் பேசப்படட்டும். குழந்தைகளின் பெயரைக் கூறித் தாயரைத் தலைகுனியச் செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் கூறினால் போதும்.

எல்லா மறுப்பையும் வயதின் இயல்பு என்று விட்டுவிடலாகாது. வீட்டில் உணவே போதாமல் வாடும் பிள்ளையைச் சாப்பிட மறுக்கும் பிள்ளை என்று கூறுவது பெரும் பிழை. அவ்வீட்டிற்கு முதலில் உணவு சேரவேண்டும். மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தாலோ, விழுங்குவதற்குச் சிரமப்பட்டாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் காலம் தாழ்த்துதல் கூடாது. ஆண்டில் இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும், ஐந்து வயது வரை ஆறு மாதத்திற்கொருமுறை வைட்டமின் 'ஏ' திரவமும் கிடைத்தனவா என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும்.

நாற்று வேர் பிடிக்கச் சில நாட்கள் ஆகும் என்று பொறுத்திருப்பவர் உழவர். தினமும் பிடுங்கிப் பார்த்து அதை வளரச் செய்தவர் எவரும் இல்லை. நல்ல உணவை வேளை தவறாமல் முன்வைப்பதும், உடன் அமர்ந்து உண்பதும், பொறுத்திருப்பதும் நம் கடமை. அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்குமுன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பகுதியில் உள்ள குழந்தைகள் மையத்தில் ஒரு வேளை உணவைக் குழந்தைகளுடன் அமர்ந்து உண்டு வருவார்களாயின், எதை எங்கே தொடங்குவது என்பது அவர்களுக்கே புலனாகும்.